ஆண் சிலந்தியின் வலது கை

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாத்துவதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்த்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். தாசில்தார்கள் திட்டியிருக்கிறார்கள், இன்ஸ்பெக்டர்கள் திட்டியிருக்கிறார்கள், சொந்தச் சங்கத்துக்காரர்களே மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு திட்டியிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் இந்த இருளப்பனிடம் பதில் இருந்தது. சிலந்தி ஆராய்ச்சி செய்கிற இந்தப் பெண் தில்ஷாத் திட்டவில்லை. நான் கொண்டுவந்த ஊறுகாய் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள், மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள், "ஐயா, ஆண் எங்க?" என்றாள். "உள்ளதாம்மா இருக்கு, சோடியாத்தான் பிடிச்சேன்" என்றேன். மறுபடி ஒரு சுற்று. பாட்டிலுக்குள் அந்தப் பெரிய பெண் சிலந்தி மட்டும் காலையெல்லாம் பரப்பிக்கொண்டு, பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தது. அடியில் கடித்துத் துப்பிய மிளகு மாதிரி ஏதோ ஒரு துளி. "தின்னுடுச்சு" என்றாள். "ஸ்பிரிட் ஊத்தின பாட்டில் குடுத்தேனே ஐயா. ஒண்ணொண்ணாத் தனித்தனியாப் போடச் சொன்னேனே." "அதைப் பஸ் ஸ்டாண்டு சாக்கடையில ஊத்திட்டேன்மா. சாராயத்த நான் கையால தொடுறதில்ல." தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன். எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் கைதட்டல் விழுகிற வாக்கியம். இங்கே விழவில்லை. அவள் பார்த்தாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் சிலேட்டை உடைத்துவிட்டு வந்த பிள்ளையிடம் பேசுவதுபோல மெதுவாக, "சரி, வெளிய உக்காருங்க. இந்தப் பொண்ணையாவது பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

உட்கார்ந்திருக்கிறேன். கல்லூரி விலங்கியல் துறைத் தாழ்வாரம், ஒரு கால் ஆடுகிற பெஞ்சு, எதிர் அலமாரியில் பாம்பு, பல்லி, இரண்டு தலை ஆட்டுக்குட்டி, எல்லாம் கண்ணாடிக் குடுவைகளில் வெளுத்துப்போய் என்னையே பார்க்கின்றன. என்ன பிழைப்பு இது. ஒரு மலை இருக்குமா இல்லாமல் போகுமா என்பது ஒரு ஆண் சிலந்தியின் சாமானில் வந்து நிற்கிறது. வேறு எப்படிச் சொல்வது? நாசூக்காகச் சொன்னால் மட்டும் மாறிவிடுமா? திங்கட்கிழமை தீர்ப்பாயத்தில் சாம்பக்கரட்டு வழக்கு வருகிறது. கரட்டை உடைத்துக் கல்லாக விற்பதற்குக் கம்பெனிக்காரன் கம்ப்ரசரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான், கிழக்குப் பக்கம் வெடி வைக்க ஆரம்பித்தாயிற்று. எங்கள் வக்கீல் சவரிமுத்து கையில் என் மனுக்கள் ஒரு கட்டு இருக்கின்றன. நிலத்தடி நீர், மேய்ச்சல், தூசி, பிள்ளைகளின் இருமல், வீட்டுச் சுவரில் விழுந்த விரிசல், எல்லாம் எழுதியிருக்கிறேன், நல்ல தமிழில் எழுதியிருக்கிறேன், அவர் அதையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "தோழர், இதெல்லாம் எல்லாக் கரட்டுக்கும் இருக்கிறதுதான். இந்தக் கரட்டுல மட்டும் இருக்கிற மாதிரி எதாச்சும் இருக்கா? ஒரு செடி, ஒரு பூச்சி?" என்று கேட்டார். மனிதர்கள் இருக்கிறார்கள் என்றேன். சிரித்தார். மனிதர்கள் எங்கும் இருக்கிறார்களாம். அதனால்தான் சிலந்தி. அதனால்தான் இந்தப் பெஞ்சு.

முதல் தடவை வந்தபோது படம் கொண்டுவந்தேன். மேற்குப் பிளவில் தொங்கிய பெரிய சிலந்தியை என் அக்காள் மகன் செல்போனில் எடுத்துக் கொடுத்த படம், பெரிதாக்கி, கலரில். தில்ஷாத் வாங்கிப் பார்த்து, "அழகா இருக்கு ஐயா, ஆனா இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள். நிறம் ஏமாற்றுமாம். அளவு ஏமாற்றுமாம். ஒரே வகையில் ஒன்று கறுப்பாக இருக்கும், ஒன்று மஞ்சளாக இருக்கும், இரண்டு வேறு வகைகள் அச்சு எடுத்தமாதிரி ஒன்றாக இருக்கும். அப்புறம் எதை வைத்தம்மா சொல்வீர்கள் என்றேன். தயங்கினாள். என் வயதைப் பார்த்துத் தயங்கினாள் போலிருக்கிறது. "ஆணோட உறுப்பை வச்சு" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, பகடி செய்கிறாளோ என்று. பகடி இல்லை. காகிதத்தில் படம் போட்டே காட்டினாள். ஆண் சிலந்திக்கு அது வயிற்றுக்கடியில் இல்லையாம், முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதாம், வாய்க்கு இரண்டு புறமும் குட்டிக் கை மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும், பெண்ணுக்கும் அந்தக் கை உண்டு, ஆணுக்கு மட்டும் நுனி மொட்டுப்போல வீங்கியிருக்கும். சரக்கு ஊறுவது வயிற்றில். அதை அவன் சின்னதாக ஒரு வலை பின்னி அதன்மேல் சொட்டுவானாம், பிறகு அந்த மொட்டால் மை பேனாவுக்கு மை உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சிக்கொள்வானாம், இரண்டு கையிலும் ரொப்பிக்கொண்டு பெண்ணைத் தேடிப் போவானாம். அந்த மொட்டுக்குள் கொக்கி, சுருள், முள், தகடு என்று என்னென்னவோ இருக்குமாம், ஒவ்வொரு வகைக்கும் அது ஒவ்வொரு மாதிரி. அதை ஸ்பிரிட்டில் போட்டு, நுண்ணோக்கியில் வைத்து, திருப்பித் திருப்பி வரைந்தால்தான் இன்னார் என்று சொல்ல முடியும். "குட்டியா இருந்தா?" என்றேன். "குட்டிக்கு மொட்டு திறந்திருக்காது ஐயா, கடைசித் தோல் உரிச்ச அப்புறந்தான் தெரியும்." "பொம்பளைச் சிலந்திக்கு ஒண்ணுமில்லையா?" "இருக்கு. அடிவயித்துல ஒரு பூட்டு மாதிரி இருக்கும். ஆனா பக்கத்து மலைகள்ல இந்தச் சாதியில ஆறேழு வகை கண்டுபிடிச்சிருக்காங்க, எல்லாத்தையும் ஆணை மட்டும் வச்சுத்தான் எழுதியிருக்காங்க. சாவிகளோட படம் இருக்கு, பூட்டுகளோட படம் இல்ல. அதனால ஆண் வேணும்."

அதனால் ஆண் வேணும். கேட்டுக்கொண்டேனா இல்லையா? கேட்டுக்கொண்டேன். என் படிப்பெல்லாம் பத்துப் பைசாப் பிரசுரம்தான், கிரகணம் ஏன் வருகிறது ஒரு பிரசுரம், குரங்கிலிருந்து மனிதன் ஒரு பிரசுரம், கூலி எப்படித் திருடப்படுகிறது ஒரு பிரசுரம், அட்டை கிழிந்தால் ஒட்டி வைத்துக்கொண்டு படித்தவன் நான், எழுத்துக்கூட்டி, வரிக்கு வரி, பட்டதாரிகளை மேடையில் மடக்கியவன். ஆனால் ஒரு பிரசுரத்திலும் பெண் சிலந்தி ஆண் சிலந்தியைத் தின்னும் என்று எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் தனித்தனியாகப் போட்டிருக்க மாட்டேனா? இல்லை, பொய். அவள்தான் சொன்னாளே, தனித்தனியாக என்று. எதற்கு என்று சொல்லவில்லை. எதற்கு என்று சொல்லாமல் இப்படிச் செய் என்று சொன்னால் செய்கிறவனாக இருந்திருந்தால் நான் ஏன் இத்தனை தடவை ஜெயிலுக்குப் போயிருக்கப் போகிறேன். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். காற்று வரட்டும் என்று. உள்ளே ஒரு குச்சி வைத்தேன், ஏறி உட்காரட்டும் என்று. இரண்டும் ஒரே கரட்டில் பிறந்த சீவன்கள், பஸ்ஸில் இவ்வளவு தூரம் துணையாக வரட்டும் என்று. மடையா. வழியெல்லாம் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன், பக்கத்து சீட்டுக்காரர் என்ன பெரியவரே ஊறுகாயா என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அந்த நேரத்தில் என் மடியிலேயே, என் கைக்குள்ளேயே அது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"என்னங்கய்யா, ஆம்பளையக் காணமாம்ல?" அட்டெண்டர் சோலைராசு. கையில் வாளி, தோளில் துடைக்கிற துணி. இந்தக் கட்டடத்தில் சுவருக்குக்கூடக் காது இருக்கிறது. "விடுங்க, மனசக் கெடுத்துக்காதீக. எங்க வீட்லயும் இருவத்தஞ்சு வருசமா அதான் நடக்குது, என்ன, கொஞ்சங் கொஞ்சமாத் திங்கிறா" என்று அவனே சொல்லி அவனே சிரித்துக்கொண்டான். "உம் பொண்டாட்டி கிட்டச் சொல்லவா?" என்றேன். "சொல்லுங்க, மிச்சத்தையும் தின்னுட்டு நிம்மதியா இருப்பா." பிறகு வாளியைக் கீழே வைத்து, குரலைத் தாழ்த்தி, "நெசமாவே அந்த ஸ்பிரிட்டச் சாக்கடையில ஊத்துனீகளா?" என்றான். "ஊத்துனேன்." "அடப்பாவமே." அந்த அடப்பாவமே சிலந்திக்காக இல்லை. முறைத்தேன். "சும்மா கேட்டேன், அதக் குடிச்சா கண்ணு போயிரும்னு மேடம் எழுதி ஒட்டியிருக்காங்கள்ல" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

கண்ணு போயிரும். இவனுக்குத் தெரியாது யாரிடம் சொல்கிறோம் என்று. இந்தத் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்ததிலிருந்து அந்த வாசம் மூக்கில் ஏறிக்கொண்டே இருக்கிறது, கதவிடுக்கிலிருந்து, அலமாரியிலிருந்து, தரையிலிருந்து. அது சாராயம் இல்லை என்கிறாள் தில்ஷாத். என் மூக்குக்குத் தெரியும். வீரணன் வாயில் இருந்த வாசம். என் தம்பி. உச்சி வெயிலில் வாசலில் கிடந்துகொண்டு, "அண்ணே, வெளக்க ஏத்துண்ணே, ஏன் இருட்டுல வச்சிருக்கீக" என்றான். சூரியன் நேரே அவன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் விளக்கை ஏற்றினேன். என்ன செய்வதென்று தெரியாமல் பகலில் விளக்கை ஏற்றி அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். ராத்திரிக்குள் முடிந்துவிட்டது. அவன் குடித்தது எங்கே காய்ச்சியது? சாம்பக்கரட்டில். அந்த மேற்குப் பிளவில்தான் பானைகளை ஒளித்து வைத்திருந்தார்கள். காரியம் முடிந்த மறுநாள் கையில் கடப்பாரையோடு ஏறினேன், தனியாக, ஒவ்வொரு பானையாக உடைத்தேன், பிளவு முழுக்கச் சாராய ஊறல் ஓடியது, முகத்திலெல்லாம் சிலந்தி வலை அப்பிக்கொண்டது, வழித்து வழித்துப் போட்டுவிட்டு உடைத்தேன். பெரிய சிலந்திகள் நடுவில் தொங்கின, ஓரத்தில் மிளகு அளவுக்குச் சின்னதாகச் சில. குட்டிகள் என்று நினைத்தேன். அவைதான் ஆண்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஆயுசு ஆகியிருக்கிறது. அன்றைக்கு எத்தனையை மிதித்துக் கொன்றேனோ. என் அரசியல் அந்தப் பிளவில்தான் ஆரம்பித்தது, அதற்குப் பிறகுதான் சாராயக்கடை மறியல், அதற்குப் பிறகுதான் சங்கம், ஜெயில், பிரசுரம், எல்லாம். அந்தக் கரட்டின்மேல் எனக்குப் பாசம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு பாசமும் இல்லை. மொட்டைப் பாறை. கள்ளிச்செடியும் ஓணானும். தம்பியைத் தின்ற இடம். ஆனாலும் அதை இன்னொருத்தன் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

இன்னொன்று பிடித்துக்கொண்டு வரலாம் என்றால் வழியில்லை. முந்தாநாள் மழை விட்டதும் போனதே கடைசி. இந்த ஆண்கள் மழைக்குப் பிறகு கொஞ்சநாள்தான் வெளியே வருவார்கள், அப்புறம் செத்துப்போவார்கள் என்று இவள் சொல்லியிருந்தாள், அதனால்தான் ஈரம் காயாத பாறையில் முழங்கால் கிழியக் கிழிய ஏறினேன். பிளவில் ஒரே ஒரு ஆண்தான் இருந்தது, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல. இறங்கும்போது கம்பெனி கேட்டில் குருவையா நின்றிருந்தான். ஒரு காலத்தில் என்னோடு ஒரே விலங்கில் கை மாட்டப்பட்டு நடந்தவன், இப்போது கம்பெனிக் காவலுக்குக் காக்கிச் சட்டை. "என்ன தோழரே, கரட்டுல ஊறுகாய் போடுறீகளா?" என்றான். "ஒங்க மொதலாளிக்கு ஊறுகாய் போடத்தான்" என்றேன். சிரித்தான். சிரிப்பு நின்றதும், "நாளையிலருந்து மேக்காம வெடி வைக்கிறாக. இனி ஏறாதீக. ஏறுனா நாந்தான் தடுக்கணும், அந்தச் சங்கடத்த எனக்குக் குடுக்காதீக" என்றான். அவன் சட்டைப்பையில் விசில் தொங்கியது. மேற்கு என்றால் பிளவு. பிளவு இந்நேரம் ஜல்லியாகியிருக்கும். அதனால் பாட்டிலில் இருந்ததுதான் இருந்தது, வேறு இல்லை, அதையும் நான் அந்தப் பெரியம்மாவுக்குச் சாப்பாடாக எடுத்துக்கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

போன் அடிக்கிறது. சவரிமுத்து. எடுக்காமல் விட்டால் மறுபடி அடிக்கும். "தோழர், ஆம்பளை கெடச்சுச்சா?" இதைக் கோர்ட் வராந்தாவில் நின்று கத்துகிறார், சுற்றி நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ. "பாத்துக்கிட்டிருக்காங்க" என்றேன். "பாத்துக்கிட்டிருக்காங்கன்னா? இருக்கா இல்லையா?" "இருந்துச்சு." "இருந்துச்சுன்னா?" சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ டீ டீ என்று கூவுவது கேட்டது. "தோழர், ஒங்க கொள்கைய நான் மதிக்கிறேன்" என்று ஆரம்பித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொள்கையை மதிக்கிறேன் என்று எவன் ஆரம்பித்தாலும் அடுத்த வார்த்தை ஆனால்தான். "ஆனா ஒரு சொட்டு ஸ்பிரிட்டு. மருந்துக்குத் தொடுற மாதிரி. அதுக்குப் போயி ஒரு மலைய விட்டுட்டீகளே." "வச்சிருங்க" என்றேன். "எழுதி ஒரு காயிதம் மட்டும் வாங்குங்க. தெரிஞ்ச வகை எதுவும் இல்லன்னு ஒரு வரி. ஒரே வரி. அது இருந்தா வெடியை நிறுத்தித் தடை வாங்கிருவேன். இல்லன்னா என்னைய நம்பாதீக." வைத்துவிட்டார். நான் வைக்கச் சொன்னேன், அவர் வைத்தார், ஆனாலும் அவர்தான் வைத்தமாதிரி இருக்கிறது.

ஒரு சொட்டு. ஒரு சொட்டு என்றுதான் எல்லாம் ஆரம்பிக்கும் என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன். பேசினேன். என்ன ஆயிற்று? மூடிய கடைகள் எல்லாம் வேறு பெயரில் திறந்தன. சங்கம் போராடி மீட்டுக்கொடுத்த நிலத்தை வாங்கியவன் பேரன் பிளாட் போட்டு விற்றான். கரட்டடி ஊரில் வீட்டுக்கு ஒருவன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், எதிர்ப்பு மனுவில் போன வருசம் கையெழுத்துப் போட்ட பெண்கள் இந்த வருசம் என்னைக் கண்டால் தண்ணீர்க்குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு வேறு சந்தில் போகிறார்கள். இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் கதவைத் திறந்து அவள் இல்லை என்று சொன்னால் வருத்தப்படப்போவது யார்? நான். ஆமாம் என்று சொன்னால் சந்தோசப்படப்போவது? நான். வேறு யாருமே இல்லையோ என்று ராத்திரிகளில் ஒரு பயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது, பகலில் திட்டி விரட்டிவிடுகிறேன், இப்போது பகலிலேயே வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைவிட எரிச்சல் என்னவென்றால், நாங்கள் மனிதர்கள் என்பதற்கு ஒரு நுண்ணோக்கியும் தேவைப்படவில்லை, யாரும் எங்களை எடுத்து விளக்கடியில் வைத்து, திருப்பித் திருப்பி, இப்படி ஒருவன் வேறெங்கும் இல்லை என்று எழுதித்தரவில்லை. வீரணனுக்கு யார் எழுதித் தந்தார்கள்? அவனைப்போல ஆயிரம் பேர் செத்தார்கள், அதனாலேயே அவன் கணக்கில் வரவில்லை. சிலந்திக்கு வாய்த்த மரியாதை. அதன் கைநுனிக் கொக்கிக்கு வாய்த்த மரியாதை. பொறாமையாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன், இந்த இரண்டு தலை ஆட்டுக்குட்டியிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்.

கதவு திறந்தது. "ஐயா, உள்ள வாங்க." முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. படித்தவர்கள் முகத்தில் எதையும் போட்டுவைப்பதில்லை. எழுந்தேன், முழங்கால் பிடித்துக்கொண்டது, பெஞ்சு ஆடியது. உள்ளே வாசம் நெஞ்சை அடைத்தது. "அந்தப் பொண்ணு?" என்றேன். "ஸ்பிரிட்ல போட்டுட்டேன் ஐயா. வேற வழியில்ல." சரி. போட்டுவிட்டாள். நாற்காலியை நுண்ணோக்கிக்கு முன்னால் இழுத்துப் போட்டாள். "இந்தக் கண்ணால பாருங்க, அந்தக் கண்ண மூடாதீங்க." முதலில் ஒரே வெளிச்சம், அப்புறம் என் கண்ணிமை முடியே பெரிய வேலி மாதிரி தெரிந்தது, "ஒண்ணும் தெரியலம்மா" என்று எரிந்து விழுந்தேன். அவள் எதையோ திருகினாள். வந்தது. பழுப்பாக, தோல் பையின் வயிறு மாதிரி ஒரு பரப்பு, நடுவில் ஒரு தகடு, தகட்டில் ஒரு குழி, குழிக்குள் கறுப்பாக ஒன்று செருகிக்கொண்டு நிற்கிறது. சுருள் ஒன்று. பக்கத்தில் கொக்கி. கொக்கிக்குக் கீழே முறிந்த இடம், ஒடிந்த மரக்கிளையின் முனைபோல. "அது என்ன?" "ஆணோட வலது கை" என்றாள் தில்ஷாத். இப்போதுதான் குரலில் ஏதோ இருந்தது, மூச்சு வாங்குகிற மாதிரி. "சில வகையில அப்படித்தான் ஐயா. சேரும்போது கை ஒடிஞ்சு பொண்ணோட பூட்டுக்குள்ளயே நின்னுடும். வேற ஆண் வந்து சேர முடியாதபடி அடைச்சுக்கும். நீங்க பாட்டில்ல போட்டீங்களே, அதுக்கு முந்தியோ பிந்தியோ, ரெண்டும் சேர்ந்திருக்கு. அப்புறந்தான் தின்னிருக்கு. இன்னொரு கைய மென்னு தள்ளிடுச்சு. இது மட்டும் உள்ள பத்திரமா இருக்கு."

நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் இவள் என் முகத்தைப் பார்ப்பாள். உடனே வாய்க்குள் ஒரு வாக்கியம் ஊறியது, உடம்பு போனாலும் கை விடவில்லை பார் தோழா என்று, மேடைக்கு அளவெடுத்துத் தைத்த வாக்கியம், கடைசியில் கையை உயர்த்தினால் சரியாக இருக்கும். சீ. விழுங்கினேன். அது சிலந்தி. அதற்குக் கொள்கை இல்லை, ஓடத் தெரியாமல் தன்னைத் தின்னக் கொடுத்துவிட்டது. "அப்ப இது புதுசாம்மா?" என்றேன். "புதுசுன்னு இன்னிக்குச் சொல்ல மாட்டேன். இன்னும் பாக்கணும், வெளிய எடுத்து வரையணும், நாலு பேருக்கு அனுப்பணும். ஆனா இருக்கிற படம் எல்லாத்தோடயும் வச்சுப் பாத்துட்டேன். அந்தச் சுருள் எதுலயும் இல்ல. தெரிஞ்ச வகை எதோடயும் சேரலன்னு எழுதித் தருவேன்." "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" "இல்ல ஐயா, ரெண்டும் வேற." என்ன வேறோ. கூட்டத்தில் இப்படி ஒருத்தி பேசினால் ஒரு தீர்மானமும் நிறைவேறாது. ஆனால் அந்த ஒரு வரிதான் சவரிமுத்து கேட்டது. தாளை இழுத்து ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்துவிட்டாள், இரண்டு தடவை அடித்தாள், மறுபடி எழுதினாள். பொய்யாக ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கமாட்டாள் போலிருக்கிறது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் காரமாக எழுதம்மா என்று சொல்ல வந்து, சொல்லாமல் இருந்தேன்.

எழுதி முடித்ததும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து என் முன்னால் வைத்தாள். உள்ளே தெளிந்த திரவம், அதில் அந்தப் பெரிய பெண் காலை மடக்கிக்கொண்டு, உடம்பில் அவனுடைய கையோடு. பக்கத்தில் நகத்தளவு ஒரு சீட்டு, ஒரு பென்சில். "இடம், தேதி, சேகரிச்சவர் பேரு எழுதுங்க ஐயா. இது இல்லன்னா எந்தக் கரட்டுல பிடிச்சதுன்னு யாரும் நம்ப மாட்டாங்க. பின்பக்கம் நான் இங்கிலீஷ்ல எழுதிக்கிறேன்." நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். "பேனா வேணாம். சீட்டு உள்ளதான் போடணும். ஸ்பிரிட்ல மை கரைஞ்சுடும், பென்சில் நிக்கும்." மை கரைந்துவிடும். சங்கப் பிரசுரம் அடிக்க அச்சகத்தில் கைநிறைய மையோடு எத்தனை ராத்திரி. பென்சிலை எடுத்தேன், கூர் சீவிய பென்சில், நகத்தளவு இடத்தில் எழுத வேண்டும். கவர்மெண்ட் கணக்கில் அந்தக் கரட்டுக்குப் பேர் கிடையாது, தரிசுப் பாறை என்று ஒரு சர்வே எண், அவ்வளவுதான், என் மனுக்களில்கூட வக்கீல் பேரை அடித்துவிட்டு எண்ணைத்தான் போட்டார். சாம்பக்கரடு என்று எழுதினேன். மேற்குப் பிளவு என்று எழுதினேன். தேதி. இருளப்பன் என்று எழுதினேன், தோழர் என்று முன்னால் போட இடமில்லை. எழுத்து கோணியது, அழிக்கவில்லை. தில்ஷாத் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் எழுதி, குறடால் எடுத்து உள்ளே போட மூடியைத் திறந்தாள். வாசம் எழுந்து வந்தது. வீரணன் வாசலில் கிடந்தான், சூரியன் அவன் முகத்தில் அடித்தது. "குடும்மா" என்றேன். "நீங்க வேணாம் ஐயா, நான்..." "குடுன்னா." குறடு வேண்டாம் என்று சீட்டை விரலாலேயே வாங்கினேன். குப்பியின் வாய் குறுகல், விரலை உள்ளே விட்டுத்தான் தள்ள வேண்டியிருந்தது, குளிர்ந்தது, நகக்கண்ணில் எரிந்தது. சீட்டு ஒரு பக்கம் சாய்ந்து, மெதுவாக இறங்கி, அந்தப் பெண் சிலந்தியின் காலுக்குப் பக்கத்தில் நின்றது. எழுத்து கரைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கரையவில்லை. துடைத்துக்கொள்ளச் சொல்லித் தில்ஷாத் துணியை நீட்டினாள். நான் அந்த விரலோடேயே போனை எடுத்துச் சவரிமுத்துவை அழைத்தேன்.